சுற்றுக்குச் சுற்று தள்ளிப்போன கல்யாணம்

தங்காவிக்,
ஜூலை 18

அன்புள்ள சாமல்,

இங்கே எல்லோரும் நலம். பிரேசில் கடலில் உன் கப்பலும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் நீ ‘ம்’ என்பதற்கு மேல் சொல்வதில்லை. நானும் அதிகம் பேசுகிறவள் இல்லை. அதனால் எழுதுகிறேன். மின்னஞ்சலில் வந்தாலும் இதைக் கடிதமாகவே படி.

முதலில் செய்தி. நம் பெண் ரன்வாவின் கல்யாணம் இருபத்தாறாம் தேதி நடக்கப்போவதில்லை. பயப்படாதே, சண்டை ஒன்றும் இல்லை. காரணம் கால்பந்து. நேற்று நம் கழகம் லாத்வியாக்காரர்களைத் தோற்கடித்து ஐரோப்பியக் கோப்பையில் இரண்டாவது சுற்றுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை ஹோக்னி அணியில் இடது பின்வரிசை ஆட்டக்காரன். மாப்பிள்ளைத் தோழர்களாக நிற்க வேண்டிய நால்வரும் அதே அணி.

அந்தத் தேதியைக் குறித்தது நான். கணக்கு டீச்சர் குறித்த தேதி, தப்பாது என்று சம்பந்தி எல்ஸ்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இதற்கு முன் நம் கழகம் இரண்டு தடவை ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறது, இரண்டு தடவையும் முதல் சுற்றோடு திரும்பியிருக்கிறது. ஜூலை நடுவில் எல்லாம் முடிந்துவிடும் என்று நான் நினைத்தது மூடத்தனம் அல்ல. ஊரே அப்படித்தான் நினைத்தது. கோல் கீப்பர் குடும்பத்தோடு ஸ்பெயினுக்கு விமானச் சீட்டு வாங்கியிருந்தான். அணித் தலைவன் தன் வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தான், ஜூலைக் கடைசியில் ஓய்வாக வேய்ந்துகொள்ளலாம் என்று. இப்போது அவன் மனைவி தார்ப்பாய்க்குக் கீழே சமைக்கிறாள். “ஜெயிச்சது சந்தோஷந்தான், ஆனா மழை எந்த டீமுன்னு பார்த்தா பெய்யுது?” என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டாளாம்.

அடுத்த சுற்று இருபத்துநான்கிலும் முப்பத்தொன்றிலும்; இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமே என்று நீ கேட்பாய். நாங்களும் கேட்டோம். பயிற்சியாளர் ஒத்துக்கொண்டார், நடனம் மட்டும் கூடாது என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். விடியும்வரை கைகோத்துத் தரையை உதைத்து ஆடிவிட்டு அடுத்த வாரம் எவனால் ஓட முடியும்? ஆனால் எல்ஸ்பா விடவில்லை. “கைகோத்து ஆடாத கல்யாணமா? அதுக்குப் பேரு இழவு வீடு! என் ஒத்தப் பையனுக்கு நான் அப்படிப் பண்ண மாட்டேன்” என்று கழக அலுவலகத்திலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

எனவே ஆகஸ்ட் ஒன்பது. அதற்குள் அடுத்த சுற்றில் ஜார்ஜியாக்காரர்கள் நம்மைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

உன் பணி ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை என்பது எனக்குத் தெரியும். முன்பு இருபத்தாறாம் தேதியைச் சொன்னபோதும் நீ அதைத்தான் சொன்னாய். உன் இடத்துக்கு வேறு ஆள் கிடைப்பாரா என்று கேட்டேன், கிடைக்காது என்றாய். சரி. அப்பா வருவாரா என்று ரன்வா என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு உன்னிடமிருந்தும் என்னிடமிருந்தும் வந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
பெய்ந்தா


தங்காவிக்,
ஆகஸ்ட் 2

அன்புள்ள சாமல்,

உன் பதில் வந்தது. ஒரே வரி. ‘ஹோக்னி ஏன் அவ்வளவு முன்னால் ஏறிப் போகிறான்?’ ஆக, நீ ஆட்டத்தைப் பார்த்திருக்கிறாய். அத்தனை தூரத்தில், எந்தத் திரையில் பார்த்தாய் என்று கேட்க மாட்டேன். அந்த ஒரு வரியை நான் பல தடவை படித்தேன்.

இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும், ஜார்ஜியாவில் நேற்று முன்தினம் நம் பையன்கள் பெனால்டியில் ஜெயித்துவிட்டார்கள். என் கணக்கு மறுபடி தப்பு. ஆனால் நான் எழுத வந்தது அதற்கு முந்தைய வாரத்தைப் பற்றி.

ஜார்ஜியாக்காரர்கள் இங்கே வந்து ஆடிய ஆட்டம் வழக்கம்போல் தலைநகர் தோர்ஷாவ்னில்தான். நம் மைதானம் ஐரோப்பிய ஆட்டத்துக்கு இன்னும் போதாது. ஊரே கார்களில் ஏறிக் கடலடிச் சுரங்கம் வழியாகப் போய்விட்டது. ஒன்றுக்கு ஒன்று சமன். மறுநாள் காலை மூடுபனி இறங்கியது. விமான நிலையம் மூடப்பட்டது. ஓலாவ் திருவிழா நேரம், தோர்ஷாவ்னில் ஒரு அறைகூடக் காலி இல்லை. இருபது சொச்சம் ஜார்ஜியர்கள் பெட்டிகளோடு நடுத்தெருவில் நின்றார்கள். நம் கழகத்துக்காரர்கள் பேருந்து அனுப்பி அவர்களை இங்கே கூட்டிவந்து, ஆளுக்கு ஒரு வீடாகப் பிரித்துக்கொண்டார்கள். எதிர் அணியாயிற்றே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருவன் மோர்தன். “நல்லா தூங்க வைக்காதீங்கடா, அடுத்த வியாழக்கிழமை இவனுங்களோட திரும்ப மோதணும்!” என்று கத்தினான். கத்திவிட்டு, இருப்பதிலேயே பெரிய ஆளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் கட்டிலையே கொடுத்தான்.

மறுநாள் சனிக்கிழமை, இருபத்தாறு. கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாள். விருந்துக்குச் சொல்லி வைத்த ஆட்டிறைச்சியை நிறுத்த முடிந்திருக்கவில்லை. உறவுக்காரப் பெண்கள் செய்துவைத்த கேக்குகள் நான்கைந்து வீட்டு உறைபெட்டிகளில் கிடந்தன. எல்ஸ்பா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஊர்க் கூடத்தைத் திறந்தோம். ரன்வாவின் கல்யாண விருந்தை ஜார்ஜியாவின் கால்பந்து அணி சாப்பிட்டது. காற்றில் உலர்த்திய இறைச்சியை மட்டும் முகர்ந்துவிட்டு மரியாதையாகத் தள்ளி வைத்தார்கள். சூப்பை மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

பிறகு அவர்கள் பாட ஆரம்பித்தார்கள். உனக்குத் தெரியும், எனக்கு இப்படிப்பட்ட நேரங்களில் எங்கே பார்ப்பதென்று தெரியாது. நான் தட்டுகளை அடுக்கினேன். இது யார் கல்யாணச் சாப்பாடு என்று யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர்களுடைய தலைவன் எழுந்து கோப்பையைத் தூக்கினான். மணப்பெண்ணுக்கு ஒரு வாழ்த்து. மணமகனுக்கு ஒன்று, ‘ஆனால் வியாழக்கிழமை உன்னை ஓட விடமாட்டேன்’ என்ற மிரட்டலோடு. எல்லோரும் சிரித்தோம். மூன்றாவதாக, இந்த மேசையில் இருக்க வேண்டியவர்கள், ஆனால் இல்லாதவர்கள், அவர்களுக்காக என்றான். அவர்கள் நாட்டு வழக்கமாம், எல்லா விருந்திலும் சொல்வதாம். அவனுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும்?

ரன்வா எழுந்து சமையலறைக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை. போயிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்காது. திரும்பி வந்தபோது முகத்தைக் கழுவியிருந்தாள். அந்தத் தலைவனுக்கு இன்னொரு கரண்டி சூப் ஊற்றினாள்.

அடுத்து ஹங்கேரி. ஏழாம் தேதியும் பதினான்காம் தேதியும் ஆட்டம், எனவே ஒன்பதாம் தேதியும் போயிற்று. இந்தத் தடவை நான் தேதி குறிக்கவில்லை. போதகர் வந்திருந்தார். தேதி எப்போதானாலும் பரவாயில்லை, அப்பா ஸ்தானத்தில் பெண்ணைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு நடப்பவர் யார் என்று மட்டும் சொல்லுங்கள், எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். உன் தம்பி பெயரைச் சொல்லலாம் என்று நான் வாயெடுத்தேன். ரன்வா முந்திக்கொண்டாள். “இன்னும் ஆட்டம் முடியலையே, அதுக்குள்ள என்ன அவசரம்?” என்றாள்.

இதை உனக்கு எழுத வேண்டுமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

உன்,
பெய்ந்தா


தங்காவிக்,
ஆகஸ்ட் 15

அன்புள்ள சாமல்,

இந்தத் தடவை நீ ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தாய். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழுக்க ஹங்கேரியின் வலதுபக்கத்து ஆளைப் பற்றி: அவன் எப்போதும் வெளியே போவதுபோல் காட்டி உள்ளே வெட்டுவான், ஹோக்னி அவன் காலைப் பார்க்காமல் இடுப்பைப் பார்க்க வேண்டும் என்று. இரவுச் சாப்பாட்டின்போது அதைச் சத்தமாகப் படித்தேன். ஹோக்னி மெல்லுவதை நிறுத்திவிட்டான். “இன்னொரு தடவை படிங்க அத்தை” என்றான். படித்தேன். “மாமா எப்பவும் இப்படித்தான் சொல்லுவாரு. காலு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாதுன்னு” என்றான். பிறகு எழுந்துபோய் ரன்வாவின் பக்கத்தில் உட்கார்ந்தான், இருவரும் பாத்திரங்களை எடுக்காமல் அப்படியே இருந்தார்கள்.

நேற்று நான் மைதானத்துக்குப் போனேன். நீ கப்பலேறிய பிறகு இதுதான் முதல் தடவை. ஏன் போனேன் என்று கேட்காதே. டிக்கெட்டை எல்ஸ்பா என் கைப்பையில் வைத்துவிட்டாள். நம் பையன்கள் இரண்டு கோல் போட்டார்கள், இரண்டும் தலையால் முட்டியவை. அந்த வலதுபக்கத்து ஆள் ஒரு தடவைகூட ஹோக்னியைத் தாண்டவில்லை. அணி கடைசித் தகுதிச் சுற்றுக்குப் போய்விட்டது. இந்தத் தீவுகளில் இவ்வளவு சின்ன ஊர்க்காரர்கள் இவ்வளவு தூரம் போனதில்லை என்று சுற்றிலும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் அழவில்லை. ஆனால் கைகள் சூடாக இருந்தன. கைதட்டியிருக்கிறேன் போலும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படி.

சுற்றிலும் உன் பெயரைச் சொன்னார்கள். “இதெல்லாம் சாமல் பொறுக்கின பசங்கய்யா.” “அன்னிக்கு அவர் இறக்கி விடலன்னா இன்னிக்கு இவனுங்க எங்க?” எனக்குக் கேட்க வேண்டுமென்றே சிலர் உரக்கச் சொன்னார்கள். நான் தலையை ஆட்டினேன், நம்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன், அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய கடைசி ஆட்டத்தில், இதே பையன்களை வைத்து இதே ஆட்கள் என்ன கத்தினார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. ‘பால்குடி மாறாததுங்கள இறக்கி ஊர் மானத்த வாங்கிட்டியே!’ அது மோர்தனின் தொண்டை. நீ பயிற்சியாளர் இருக்கையிலிருந்து எழுந்து, வேலியோரமாக அத்தனை பேரையும் கடந்து நடந்து வந்தாய். மறுநாள் ரொட்டிக் கடையில் நாம் நுழைந்தவுடன் பேச்சு நின்றது. அடுத்த வாரம் நீ கப்பலில். அன்றிலிருந்து உன் விடுப்பையெல்லாம் கோபன்ஹேகனில் ஒரு வாடகை அறையில் கழிக்கிறோம். நான் குறை சொல்லவில்லை. அந்த அறையின் சன்னல் எனக்குப் பிடிக்கும்.

ஜெயிக்கும்போது யாருக்கும் மனசு பெரிதாகத்தான் இருக்கும். அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. எனவே நேற்று அவர்கள் பேசியதை ஆதாரமாக வைத்து ‘ஊர் மாறிவிட்டது, வா’ என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாததை உனக்கு எழுதியதில்லை.

தெரிந்ததை எழுதுகிறேன். கடைசித் தகுதிச் சுற்று செக் நாட்டுக்காரர்களோடு. அங்கே இருபத்தொன்று, இங்கே இருபத்தெட்டு. ஜெயித்தாலும் தோற்றாலும் செப்டம்பர் முதல் வாரத்தில் எந்தக் கழகத்துக்கும் ஆட்டம் இல்லை, நாட்டு அணிகள் ஆடுகிற வாரம். ஆகவே கல்யாணம் செப்டம்பர் ஆறு, சனிக்கிழமை. இது இனி நகராது. கூடம் சொல்லியாகிவிட்டது. ஜார்ஜியர்கள் தின்றதற்குப் பதிலாகப் புதுக் கேக்குகள் தயாராகின்றன.

உன் பணி முடிவதைப் பார்த்துத்தான் இந்தத் தேதியை வைத்தாயா என்று ரன்வா கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என் தோளில் ஒரு நிமிடம் தலையை வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குக் கோயில் பழக்கம் இல்லை, யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஆனாலும் நன்றியாக இருக்கிறது. லாத்வியாக்காரன் ஒருவன் கோல் கம்பத்தில் அடித்ததற்கு. மூடுபனிக்கு. உன் ஒரு பக்கக் கடிதத்துக்கு. நான் ஏளனம் செய்த இந்த விளையாட்டு, ஜூலையிலிருந்து இந்தக் கல்யாணத்தைப் பிடித்துத் தள்ளித் தள்ளி, உன் வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. இனி உன்னிடம் சொல்வதற்குக் கப்பல் என்ற காரணம் இல்லை. வேறு காரணம் இருந்தால், அதை எனக்கு எழுதாதே. ரன்வாவுக்கு எழுது.

உன்,
பெய்ந்தா


தங்காவிக்,
ஆகஸ்ட் 29

அன்புள்ள சாமல்,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. ரன்வாவுக்கும் எதுவும் வரவில்லை. நேற்றைய ஆட்டத்தை நீ பார்த்தாயா என்றுகூடத் தெரியாது. பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தோற்றுவிட்டோம். முடிந்துவிட்டது.

எப்படித் தோற்றோம் என்பதை ஒன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். செக் நாட்டில் ஒன்றுக்கு ஒன்று. இங்கேயும் கடைசி நிமிடம்வரை ஒன்றுக்கு ஒன்று. மழை கிடைமட்டமாக அடித்தது. கூடுதல் நேரம் வரப்போகிறது என்று எல்லோரும் தெர்மோஸைத் திறந்துகொண்டிருந்தோம். பந்து ஹோக்னியிடம் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. கோல் கீப்பருக்குத் திருப்பித் தட்டினான். தட்டியது போதவில்லை. ஈரப் புல்லில் பந்து நடுவழியில் நின்றது. செக் நாட்டுக்காரன் ஒருவன் ஓடிவந்து எடுத்துக் கோலுக்குள் தள்ளினான். அவ்வளவுதான். ஊதல் ஒலித்தபோது ஹோக்னி அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான், முகத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு.

ரன்வா என் வலப்பக்கம், எல்ஸ்பா இடப்பக்கம். எனக்கு முன்வரிசையில் மோர்தன். அவன் எழுந்து வேலியோரமாகப் போவதைப் பார்த்தேன். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான். மூன்று வருடத்துக்கு முன் அவன் அப்படித்தான் குவித்தான். நான் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டேன். ரன்வாவின் காதைப் பொத்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது, அவள் ஏதோ சின்னப் பிள்ளைபோல.

“டேய் ஹோக்னி!” என்று கத்தினான். மைதானமே திரும்பியது. “எந்திரிடா! அடுத்த வாரம் கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டா பொண்ணு ஓடிப்போயிரும்டா!”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்கச் சிரித்தது. “ஓடமாட்டா, அவளும் இடது பின்வரிசைதான், இடத்த விட்டு நகரமாட்டா!” என்று பின்னாலிருந்து ஒருவன். ஹோக்னி சட்டைக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுத்தான். அழுதுகொண்டிருந்தான், சிரிக்கவும் செய்தான். அணித் தலைவன் போய்க் கையைப் பிடித்துத் தூக்கினான். ஒருவரும் மைதானத்தை விட்டுப் போகவில்லை, சாமல். அந்த மழையில், தோற்ற பிறகு, ஒருவரும் போகவில்லை. வேலியோரமாக நின்று ஒவ்வொருவன் தலையையும் தட்டி அனுப்பினார்கள். ஹோக்னியை இரண்டு தடவை தட்டினார்கள்.

ஜெயித்ததை வைத்து உன்னை அழைக்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். இப்போது தோற்றதை வைத்து அழைக்கிறேன். அதே ஆட்கள், அதே தொண்டை, அதே பையன்களில் ஒருவன் செய்த தப்பு, அதுவும் அன்று நடந்ததைவிடப் பெரிய தப்பு. அவர்கள் கத்தியது வேறு. நான் என் காதால் கேட்டேன். ஏன் மாறினார்கள் என்று எனக்குத் தெரியாது. வயதாகியிருக்கலாம், இந்தக் கோடை அவர்களைக் கொஞ்சம் களைப்பாக்கியிருக்கலாம். காரணத்தை விட்டுவிடு.

வாகனம் நிறுத்துமிடத்தில் மோர்தன் என் கார்க் கண்ணாடியைத் தட்டினான். அக்டோபரில் மலையிலிருந்து ஆடுகளை இறக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் அல்லவா, அந்தப் பட்டியலைப் போடுவது இன்னும் அவன்தான். மூன்று வருடமாக நம் வீட்டுப் பங்குக்கு நான் போகிறேன், ஒன்றும் சொல்லாமல் என்னைக் கீழ்ச்சரிவில் நிறுத்துவான். நேற்று, கண்ணாடி இறங்கியதும் என் முகத்தைப் பார்க்காமல், “இந்த வருஷம் உங்க வீட்ல யாரு வர்றாங்க? நீங்களா, அவரா? மேல் பாறைப் பக்கம் அவர் அளவுக்கு யாருக்கும் வழி தெரியாது. நான் ஆள் வைக்கணும், சொல்லிருங்க” என்றான். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். “கேளுங்க” என்றான். நகரவில்லை. மழை அவன் தொப்பியிலிருந்து என் கார்க் கதவுக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. “நல்லாக் கேளுங்க” என்று மறுபடி சொல்லிவிட்டுப் போனான்.

அவன் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. நீயும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. இதற்கு மேல் இந்த ஊரில் எதையும் எதிர்பார்க்காதே. இதுவே எனக்கு நிறைவாக இருந்தது. சுரங்கத்துக்குள் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது, பக்கத்தில் ரன்வா தூங்கிவிட்ட பிறகு, கொஞ்ச நேரம் அழுதேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உன் கறுப்பு உடுப்பை எடுத்துக் காற்றில் போட்டிருக்கிறேன். வெள்ளிப் பொத்தான்களைத் தேய்த்துவிட்டேன். இடுப்பு கொஞ்சம் பெருத்திருந்தால் பரவாயில்லை, பிரித்துத் தைக்க இன்னும் நேரம் இருக்கிறது.

முப்பத்தொன்றாம் தேதி கப்பலை விட்டு இறங்கியதும் நேரே கிளம்பு. இடையில் மூடுபனி வந்து விமானத்தைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் கையில் இருக்க வேண்டும். எந்த விமானம் என்று மட்டும் எழுது. எல்ஸ்பாவிடமோ கழகத்திலோ சொல்ல மாட்டேன், கொடியோடு யாரும் வர மாட்டார்கள். நான் மட்டும் காரோடு வந்து வெளியே நிற்பேன். ஊர் வரும்வரை நீ எதுவும் பேச வேண்டாம், சாமல். இந்தத் தடவை நான் பேசிக்கொண்டு வருகிறேன்.

கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும்.

உன்,
பெய்ந்தா